பக்கத்துக் கட்டில்

ரஃபீக்குக்கு ஒரு பழக்கம். எங்கே கட்டடம் இடித்தாலும் வண்டியை நிறுத்திவிடுவான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிற வழியில் அவன் அள்ளிக்கொண்டு வந்த ஜன்னலும் கொக்கியும் குழாயுமாக நிரம்பிய வீட்டின் பின்பக்கத்திடம் பழைய இரும்புக் கடை தோற்றுப்போகும். அன்றைக்கு மத்தியானம் ஒரு குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினான். பின்னால் ஓர் இரும்புக் கட்டில். பிள்ளைகள் படுக்கிற அளவு. பச்சைப் பெயிண்ட். தலைமாட்டில் நேர்க்கம்பிகள்.

"இன்னா லத்தீபா, எப்பிடிக் கீது?" என்றான். "ஏரிக்கரைல அந்த மெண்டல் புள்ளைங்க ஆஸ்பத்திரி மூடிக் கெடக்குதே, அத்த இடிக்கிறானுங்க. கதவு, கட்டிலு எல்லாம் வர்றவன் போறவன் தூக்கினு போறான். நம்ம அர்ஃபாவுக்கு ஆவும்னு ஒண்ணு ஏத்தினு வந்தேன்."

அவன் மனைவி லத்தீபா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கால் பெடலில் இருந்தபடி நின்றுவிட்டது.

"நல்லாக்கீது," என்றாள்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். லத்தீபாவுக்கு மடி முழுக்கக் கனம். அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது ரஃபீக்குக்குத் தெரியும். இன்றைக்கும் இரவில் ஒரு மாத்திரை போடுவதும் தெரியும். ஒன்பது வயதில் அவளுடைய வாப்பா தர்கா தர்காவாகக் கூட்டிப்போய் ஓய்ந்து, கடைசியில் கொண்டுபோய் விட்ட இடம் எதுவென்று தெரியாது. "நெல்லூர்ல மாமி வூட்ல தங்கிப் படிச்சா" என்றுதான் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்கள். நெல்லூரை லத்தீபா பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

அந்த இடத்தை யாரோ வெளியூர்க்காரர்கள் அறக்கட்டளை வைத்து நடத்தினார்கள். பேச்சு வராத பிள்ளை, படுக்கையை நனைக்கிற பிள்ளை, வலிப்புப் பிள்ளை, அடங்காத பிள்ளை, எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் மட்டும் ஏரி. மாத்திரை கொடுத்த பிறகு வார்டன் அம்மா ஸ்பூனால் நாக்கைத் தூக்கிப் பார்ப்பாள். கத்தினால், அழுதால், எதிர்த்துக் கேட்டால் தொட்டி. அது உப்புத் தண்ணீர் நிரப்பிய சிமெண்டுத் தொட்டி. அதில் உட்காரவைத்து மேலே பலகையைப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும்போது எவ்வளவு நேரம் ஆனது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

லத்தீபாவுக்குப் பக்கத்துக் கட்டில் குப்புவுடையது. முழுப்பெயர் குப்பம்மாள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால், இவளாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். மீனவர் வீட்டுப் பெண். தூக்கத்தில் எழுந்து ஏரிக்குள் நடந்துவிடுவாளாம். அதனால் அவளுடைய நைனா தன் காலோடு அவள் காலை வலை நூலால் கட்டிக்கொண்டு படுப்பாராம். அந்த நூல் காலில் இருந்தபடியே அவளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

குப்பு அந்த நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கட்டிலுக்கு அடியில் குறுக்குக் கம்பியில் இடக்கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டு வைத்தாள். லத்தீபாவுக்கும் கற்றுக்கொடுத்தாள்.

"இது எங்க வூட்டு முடிச்சு. குடத்துல போட்டா எங்க நைனாவுக்குப் பாடு வரும். இங்கயும் போட்டு வெச்சா, என்னக் கூட்டினு போற மொற வரும். நீயும் போடு, உங்க வாப்பா வருவாரு."

பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இன்னாருக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. குப்புவின் ஊரில் எழுத்துத் தெரியாத காலத்தில், வீட்டுக்கொரு முடிச்சைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எவர் வீட்டு முடிச்சு வருகிறதோ அவருக்குப் பாடு. இன்றைக்கு எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் முடிச்சுத்தான். ஒரு வீட்டு முடிச்சை இன்னொருவன் தொட்டால் ஊரே கூடிவிடும். இதெல்லாம் டவுன் பெண்ணான லத்தீபாவுக்கு எப்படித் தெரியும்? குப்பு சொல்லித்தான் தெரியும். அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் பக்கத்துக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. குப்பு எங்கே என்று கேட்டாள்.

"எந்தக் குப்பு?" என்றாள் வார்டன் அம்மா. "அந்தக் கட்டில் எப்பவும் காலிதானே."

லத்தீபா கத்தினாள். விடியலுக்கு முன்னால் இரண்டு பேர் குப்புவைத் தூக்கிக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். வாராவாரம் வருகிற டாக்டர் ரொம்ப அன்பாகத் தலையைத் தடவிக்கொடுத்தார். வலிப்பு வருகிற மூளை, இல்லாத ஆளைக் காட்டுமாம், நடக்காததை நடந்த மாதிரி காட்டுமாம், பயப்பட வேண்டாமாம். மாத்திரை கூடியது. தொட்டி இரண்டு தடவை. மற்றப் பிள்ளைகளைக் கேட்டாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதன்பிறகு தினமும் காலையில் வார்டன் அம்மா கேட்பாள்: "பக்கத்துக் கட்டிலில் யாரைப் பார்த்தாய்?" கடைசியில் ஒருநாள் லத்தீபா சொன்னாள்: "யாரையும் பார்க்கலை." சொல்லிச் சொல்லி அதையே நம்பினாள். நம்பிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் பயம் கூடவே வந்தது. இன்றுவரை புது ஆளிடம் லத்தீபா முதலில் பேசமாட்டாள். துணி தைக்க யாராவது வந்து நின்றால், அர்ஃபாவோ பக்கத்து வீட்டுக்காரியோ வாயைத் திறக்கட்டும் என்று காத்திருப்பாள். இன்னொருத்தர் பேசினால்தான் அந்த ஆள் நிஜம். "உங்க வூட்டம்மாவுக்குத் தலக்கனம்பா" என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். தலைக்கனம் என்று பெயர் வாங்குவது பைத்தியம் என்று பெயர் வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த அர்ஃபா பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் ஏறிக் குதித்தாள். எட்டு வயது. லத்தீபா அங்கே போன வயதுக்கு ஒன்று குறைவு. குதித்து ஓய்ந்து, மல்லாந்து படுத்து, கையைத் தொங்கவிட்டு அடிப்பக்கம் துழாவினாள்.

"உம்மா, அடியில இன்னாவோ முடிச்சு முடிச்சாக் கீது."

லத்தீபா மிஷினை விட்டு எழுந்து வந்தாள். "இன்னா முடிச்சு? நெசமாத் தொட்டியா?"

"இல்லாதத்த எப்பிடித் தொடுவாங்க?" என்றாள் அர்ஃபா.

லத்தீபா தரையில் படுத்துப் பார்த்தாள். குறுக்குக் கம்பியில் வரிசையாக முடிச்சுகள். நைலான் நூல், மேலே துரு ஏறிப் பழுப்பாகியிருந்தது. நைலான் எங்கே மக்கும்? அப்படியே படுத்துக் கிடந்தாள். குப்பு இருந்தாளா? இல்லை, இல்லாத குப்புவுக்காகத் தானே ராத்திரியில் எழுந்து பக்கத்துக் கட்டிலில் போட்டு வைத்த முடிச்சா? இந்த முடிச்சு அவளுக்கும் தெரியுமே. இன்றைக்கும் தைத்து முடித்தால் நூல் நுனியில் கை தானாக அதைத்தான் போடும். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதையென்று தாண்டவும் முடியவில்லை.

அன்றிரவு அர்ஃபாவைக் கட்டிலில் படுக்கவிடவில்லை. "மூட்டப்பூச்சி கீது" என்றாள்.

"இரும்புல ஏதுடி மூட்டப்பூச்சி?" என்று ரஃபீக் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

மறுநாள் காலையில் ஒரு முடிச்சை அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, கடைத்தெருவில் வலைக்கடை வைத்திருக்கிற பொன்னுரங்கத்திடம் போனாள். அவனும் அங்கே இருந்தவன், பையன்கள் பக்கம். அப்போது அவனுக்குப் பேச்சு வராது. இன்றைக்குப் பேரம் பேசினால் வாய் மூடாது. இத்தனை வருடமாக அந்தத் தெருவில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடக்கிறார்கள், பார்த்ததும் தெரியும், தெரிந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

கடையில் வேறு யாருமில்லை. லத்தீபா முடிச்சை மேசையில் வைத்தாள்.

"அண்ணா, இது அங்க இருந்த கட்டில்ல இருந்திச்சு."

எங்கே என்று அவன் கேட்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"இன்னாத்துக்கும்மா இப்ப? நீ நெல்லூர்ல படிச்சே. நான் சூளூர்ப்பேட்டைல மாமன் வூட்ல வளந்தேன். அப்பிடியே போவட்டும். எங்கூட்ல எவனுக்கும் தெரியாது."

"இத்த நான் போட்டேனா, வேற ஆளு போட்டுதா, அத்த மட்டும் சொல்லுண்ணா."

ஒரு துண்டு நூலை அவளிடம் கொடுத்தான். அவள் போட்டுக் காட்டினாள். இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன்து வலக்கை. இது எடக்கைக்காரங்க போட்டது, பிரி எதிர்ப்பக்கம் ஓடுது பாரு. நீ போட்டதில்ல." முடிச்சைத் திருப்பிக் கொடுத்தான். "தோணிரேவுக் குப்பத்துல பெருமாள்னு ஒருத்தர் கீறாரு. அவுங்க வூட்டு முடிச்சு இது. அந்த வூட்டு ஆளுங்களத் தவர வேற எவனும் இத்தப் போடமாட்டான்."

"குப்புன்னு ஒரு பொண்ணு, எடக்கை..."

"எனக்குத் தெரியாது. பொண்ணுங்க பக்கம் எங்கள வுட்டதே இல்ல." குரல் இறங்கிவிட்டது. "ஆனா ஒரு நாளு விடியறதுக்குள்ள ஏரிப் பக்கம் படகு வந்துது. எஞ்சின் சத்தம் கேட்டுது. மறுநாள்ல இருந்து எங்கள ஜன்னல்கிட்டயே நிக்க வுடல. எனக்குப் பேச்சு இருந்தா அன்னைக்கே யாருகிட்டயாவது கேட்டிருப்பேன். ஒருவேள கேட்டிருக்க மாட்டேன். தொட்டின்னா எனக்கு இன்னிக்கும் பயம்மா. வூட்ல சிமெண்டுத் தொட்டி கட்டவே வுடல, டிரம்முலதான் தண்ணி."

அவன் ஷட்டரை ஏற்றுவதற்குள் லத்தீபா தெருவுக்கு வந்துவிட்டாள். சந்தோஷத்தில் காலில் செருப்பு நிற்கவில்லை. குப்பு இருந்தாள்! தன் மூளை பொய் சொல்லவில்லை. எதிரில் வந்த முன்பின் தெரியாத கிழவி ஒருத்தியிடம் தானே முதலில், "எங்க போறீங்க பெரியம்மா?" என்று கேட்டாள். கிழவி பயந்துபோய் ஒதுங்கினாள்.

சாயங்காலம் ரஃபீக்கிடம், "தோணிரேவுல ஒரு ஆளப் பாக்கணும், வண்டில இட்டுனு போங்க. கட்டில் விசயம்" என்றாள்.

"கட்டிலத் திருப்பிக் கேக்கறாங்களா?" என்றான் ரஃபீக் கவலையாக. பொருளைத் திருப்பிக் கொடுப்பது அவன் வழக்கத்தில் இல்லை.

வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். வண்டிச் சத்தத்தில் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டாள். உண்மையில் அவன் முகத்தைப் பார்க்கத்தான் பயம். பெண் இருக்கிற வீடு. "தாய் அங்க இருந்தவ" என்று நாளைக்கு அர்ஃபாவை யாராவது சொன்னால்? ரஃபீக்கே சொன்னால்?

பெருமாள் வீட்டு முன்னால் உட்கார்ந்து, கூடையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். லத்தீபா பழக்கப்படியே சற்றுப் பின்னால் நின்றாள். ரஃபீக், "பெருமாள் நைனா நீங்கதானே?" என்று கேட்டு, அவரும் தலையை ஆட்டிய பிறகுதான் முன்னால் வந்தாள். முடிச்சை நீட்டினாள்.

பெருமாள் வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்த வேகத்தில் கூடை கவிழ்ந்தது.

"எங்கூட்டு முடிச்ச எவன் குடத்துல இருந்து எடுத்தது? என் பாட்டப் புடுங்கறதுக்கு டவுன்ல இருந்து ஆளு அனுப்பறானுங்களா? தலையாரிய இட்டாரேன், இருங்க!"

"குடத்துல இல்ல நைனா," என்றாள் லத்தீபா. "கட்டில்ல. ஏரிக்கரை ஆஸ்பத்திரிக் கட்டில்ல. உங்க பொண்ணு குப்பு கட்டினது."

நண்டுகள் நாலு பக்கமும் ஓடின. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பொண்ணு இல்ல," என்றார். "ஒரே புள்ள. அவன் கடலுக்குப் போயிருக்கான். நீங்க போங்க."

"குப்பம்மாள்..."

"அப்பிடி யாரும் இல்லன்றேன்!"

லத்தீபாவுக்குத் தொட்டியின் மேல் பலகையைப் போட்டமாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. ஆக, அந்த முடிச்சும் இல்லையா? பொன்னுரங்கமும் அவன் சொன்னதும் இல்லையா? ரஃபீக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான், கிழவர் கையில் இருந்த முடிச்சைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான்.

"நைனா," என்றான் ரஃபீக் மெதுவாக. "அந்த முடிச்சு கட்டில்ல இருந்துது. நான்தான் அந்தக் கட்டில வண்டில ஏத்தினேன். நானும் பாத்தேன்."

பெருமாள் உட்கார்ந்துவிட்டார். முடிச்சை மட்டும் விடவில்லை.

"தூக்கத்துல நடப்பா," என்றார். "ஏரில எறங்கிடுவா. பயந்துபோய்த்தான் கொண்டாந்து வுட்டேன். ரெண்டாந்தபா பாக்கப் போனா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்னாங்க. எந்த ஊருன்னேன். சொல்லல. அடுத்த தபா, அப்பிடி ஒரு புள்ளயே இங்க சேரலன்னாங்க. நான் சண்ட போட்டேன். ஒரு ரூம்ல போட்டு நாளெல்லாம் பூட்டி வெச்சாங்க. இல்லாத பொண்ணத் தேடறியே, நீயும் இங்கயே இருந்துட்றியான்னாங்க. எனக்குப் பயமாப் போச்சும்மா. ஊர்ல இன்னான்னா, பொண்ண எவனுக்கோ காசுக்குக் குடுத்துட்டான்னாங்க. எங்கூட்டுக்காரி அத்த நெனச்சே போய்ச் சேந்தா. அப்பால யாரு கேட்டாலும், எனக்குப் பொண்ணு இல்லன்னு சொல்லிக்கினேன். சொல்லச் சொல்ல, நெசமாவே நாந்தான் மெண்டலோன்னு ஆயிட்டுது."

நிமிர்ந்து லத்தீபாவைப் பார்த்தார். "நீ யாரும்மா? நீ பாத்தியா? என் பொண்ண அங்க உன் கண்ணால பாத்தியா?"

ரஃபீக் பக்கத்திலேயே நிற்கிறான். இதற்குப் பதில் சொன்னால் நெல்லூர் மாமி ஒழிந்தாள். யாரையும் பார்க்கலை, யாரையும் பார்க்கலை என்று பழகிய நாக்கு.

"பாத்தேன், நைனா," என்றாள். "நானும் அங்கதான் இருந்தேன். ரெண்டு வருசத்துக்கு மேல. குப்பு எனக்குப் பக்கத்துக் கட்டில்."

ரஃபீக்கின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆனால் சட்டையைப் பிடித்திருந்த தன் கையை அவன் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

பெருமாள் விம்மினார், விம்மிக்கொண்டே சிரித்தார். "தோ பாருங்கடா," என்று தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டார், தெருவில் ஆளே இல்லை. "என் பொண்ணு இருந்தா! பாத்தவங்க வந்திருக்காங்க, வந்து கேளுங்கடா!" அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்களில் ஆசை வந்திருந்தது.

"அப்பால? அப்பால எங்கம்மா இட்டுனு போனாங்க? உனக்குத் தெரியுமா? எங்கயாவது உசுரோட கீறாளா?"

அப்போதுதான் லத்தீபாவுக்கு உறைத்தது. காலையிலிருந்து இதை எப்படி மறந்தாள்? இத்தனை வருடமும் அந்த விடியல் கனவில் வரும்போதெல்லாம், அது நோய், அது நோய் என்று சொல்லித்தான் திரும்பிப் படுத்தாள். நோய் என்று சொன்ன டாக்டரை மனதுக்குள் கும்பிட்டுக்கூட இருக்கிறாள். குப்பு நிஜமென்றால் அந்த விடியலும் நிஜம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. தெரியாது என்று சொல்லிவிடலாம். கிழவர் ஆசையோடு இருந்துவிட்டுப் போவார். ஆனால் அப்படிச் சொன்னால் குப்புவின் கட்டிலில் இன்னொரு தடவை புது விரிப்புப் போட்ட மாதிரி ஆகும்.

"சொல்லும்மா," என்றார் பெருமாள்.

லத்தீபா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"விடியற நேரம், நைனா. முந்தின நாளு அவ உங்களக் கேட்டு அழுதா, தொட்டில போட்டாங்க. ராத்திரி முச்சூடும் அவ கட்டிலுக்கு வரல. நான் முழிச்சிக்கினே இருந்தேன். ரெண்டு பேரு பெட்ஷீட்ல சுத்தித் தூக்கினு வந்தாங்க. முடி வெளிய தொங்கிச்சு, தரையெல்லாம் தண்ணி சொட்டினு போச்சு. கூப்பிட்டேன், நைனா. குப்பு, குப்புன்னு கூப்பிட்டேன். அவ திரும்பிப் பாக்கல."

பெருமாள் அவள் கையை விடவில்லை.